தரையும் துயிலும்

உணவும் உடையும் உறையுளும் போல உறக்கமும் மாந்தர்க்கு இன்றியமையாததாம். வீட்டில் உறங்குவார் படுக்கையைப்பற்றி ஆராய்வதில்லை. மலையேறிக் கூடாரத்தில் இராத்தங்குவாரோ, ஆராயாது செல்லின் ஓரிரவிலேயே அதன் அருமையை உணர்வர். ஆகலின், அன்னார் கொண்டுசெல்லத்தக்க விரிப்புக்களின் வகைகளை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

துயிலிடத்தைக் குறிக்கத் தமிழிற் பல சொற்கள் உள. பாயல், அணை, அமளி, சேக்கை என்பன அவற்றுட் சில. சேக்கை என்னும் சொல் பறவைக் கூட்டையும் குறிக்கும். கீழிருந்து வரும் குளிரைத் தடுப்பது கூட்டின் தொழில்களுள் ஒன்றன்றோ? அன்னத்தூவி, இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர் என்னும் ஐந்தாலும் ஆகிய அணையைப் பஞ்சசயனம் என்பர். இவை மென்மையுடையன மட்டுமல்ல. தம் இழைகளுக்கிடையே காற்றை அசையாது நிறுத்துவனவுமாம். அசையாக் காற்றே வெப்பத்தைக் காக்கும் அரண்.

“மேற்போர்வை தடித்ததாயின் போதாதோ?” எனின், போதாது. போர்வையின் கீழ்ப்புறம் உடலின் பாரத்தால் நசுங்க, அதனுள் நின்ற காற்று வெளியேறிவிடும். பின்னர்க் குளிர்ந்த தரை உடலின் வெப்பத்தை இரவெல்லாம் கவர்ந்துகொண்டேயிருக்கும். திருப்பூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தது; உதகையோ ஏறத்தாழ 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் உயருந்தோறும் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையுமாதலின், நம்மூரிலிருந்து செல்வார் 12 பாகை அளவு குளிர்ந்த நிலத்திற் படுக்கின்றனர். மார்கழி, தை மாதங்களில் அங்கே உறைபனியும் வீழும்.

இனி நம் நாட்டு விரிப்புக்களை நோக்குவாம். பத்தமடைக் கோரைப்பாய் வெயிற்காலத்திற்கு இனியது. மெல்லியதாதலின் குளிரைத் தடாது. பவானி ஜமக்காளம் உறுதியானது, பல்லாண்டு உழைப்பது, எனினும் பருத்தியாலானது. பருத்தி பனியையும் ஈரத்தையும் உறிஞ்சிக் கனக்கும், இழைகள் ஒட்டக் காற்றறைகள் அழியும், உலர நெடுநேரமாகும். பருத்தியால் வாழும் ஊரினராகிய நாம் இதனை மறத்தல் எளிது. சமவெளியில் நமக்கு உற்ற துணையாகிய பருத்தி, நனைந்த மலைநிலத்தில் துணையாகாது. ஆட்டு மயிராலாகிய கம்பளியோ ஓரளவு நனைந்தவிடத்தும் வெப்பம் காக்கும். ஆயினும் சுமை மிகுதி.

இக்காலத்து மலையேறுவார் பயன்படுத்தும் விரிப்புக்கள் மூவகைப்படும். முதலாவது, மூடிய நுண்ணறைகளையுடைய நுரைவிரிப்பு. இது நீரை உறிஞ்சாது, முள் தைப்பினும் பழுதுறாது, விலையும் குறைவு. மடக்கினும் பேரிடங்கொள்வதே இதன் குறை. இரண்டாவது, தானே காற்றேற்கும் விரிப்பு. காற்றுப்புகா உறையினுள் திறந்த அறைகளையுடைய நுரை இருக்கும். அடைப்பைத் திறந்தவுடன் நுரை விரிந்து காற்றை உள்ளிழுக்கும். இது 1970களில் அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரில் உருவாயது. மூன்றாவது, ஊதிநிரப்பும் காற்றணை. இது சிறிதாக மடங்கும், பருத்து மென்மையாயிருக்கும், ஆனால் ஒரு முள்ளுக்கே தோற்றுவிடும். வெறுங்காற்றணையினுள் காற்று சுழன்று வெப்பத்தைத் தரைக்குக் கடத்துமாதலின், ஒளிர்தகட்டையோ செயற்கை இழையையோ பறவைத் தூவியையோ உள்ளே வைப்பர். பஞ்சசயனத்துத் தூவி இங்ஙனம் மீண்டும் வந்தது காண்க.

வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றலை “ஆர் மதிப்பு” என்னும் எண்ணால் அளப்பர். இதனை அளத்தற்குரிய பொதுமுறை 2018ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. வெப்பநிலத்திற்கு 2க்குட்பட்ட மதிப்பு அமையும். குளிர்ந்த மலைகளுக்கு 2 முதல் 4 வரை வேண்டும். பனிமூடிய நிலத்திற்கு 5க்கு மேல் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டை விரிப்பின் இரண்டன் மதிப்பும் கூடும். ஆதலின் பொருள் குறைந்த மாணவர் விலைமிக்க அணையை நாடாது, இரண்டு நுரைவிரிப்புக்களை அடுக்கிப் படுத்தல் சாலும்.

விரிப்பைத் தேர்வார் அதன் மென்மையையும் வனப்பையும் முதற்கண் நோக்கற்க. தாம் படுக்கப்போகும் நிலம் எத்தன்மையது, எவ்வளவு குளிர்ந்தது, ஈரமுடையதோ, முள்ளுடையதோ என்பவற்றை முன்னர் அறிக. மேலே போர்ப்பது பாதி. கீழே விரிப்பது மறுபாதி. இவ்விரண்டும் ஒத்தவழியே நல்லுறக்கம் வாய்க்கும். நல்லுறக்கம் வாய்த்தார்க்கே மறுநாள் மலையும் எளிதாம்.