ரயில் போன பாதையில் சைக்கிள்

ரயில் நின்றுபோன ஊர் எப்படி இருக்கும்? ஸ்டேஷனில் ஆள் இருக்காது. பக்கத்துக் கடைகள் மூடிக் கிடக்கும். தண்டவாளத்தின் நடுவே புல் முளைக்கும். ஒரு நாள் தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கடைசியில் மிஞ்சுவது நீளமான ஒரு மண்மேடு.

அப்படி மிஞ்சிய ஒரு மண்மேட்டின்மேல் குழந்தைகளும் தாத்தா பாட்டிகளும் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அந்தப் பாதை நியூசிலாந்து நாட்டில் இருக்கிறது. அதன் நீளம் 152 கிலோமீட்டர்.

நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவுக்குத் தென்கிழக்கே கடல் நடுவில் உள்ள நாடு. அங்கே இரண்டு பெரிய தீவுகள் உண்டு. தெற்கே உள்ள தீவில் ஒட்டாகோ என்ற பகுதி இருக்கிறது. நாம் மார்கழிக் குளிரில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும்போது அங்கே கோடைக்காலம். நமக்குக் கத்திரி வெயில் முடியும் நேரத்தில் அங்கே குளிர் தொடங்கிவிடும். மழை குறைவு. பாறைகளும் காய்ந்த புல்வெளியும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தெரியும். குளிர்காலத்தில் மலைகள்மேல் பனி மூடியிருக்கும்.

1861-ஆம் ஆண்டில் ஒட்டாகோவில் தங்கம் கிடைத்தது. மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தங்கம் குறைந்ததும் பலர் போய்விட்டார்கள். தங்கியவர்கள் ஆடு வளர்த்தார்கள், பழமரம் நட்டார்கள். கம்பளியையும் பழத்தையும் நகரத்துக்கு எப்படிக் கொண்டு போவது? அதற்குத்தான் ரயில் வந்தது.

டனீடன் நகரத்தின் அருகே 1879-இல் வேலை தொடங்கியது. கடப்பாரையும் மண்வெட்டியும் வெடிமருந்தும்தான் கருவிகள். பாதை மிடில்மார்ச் என்ற ஊரை எட்ட 1891 ஆகிவிட்டது. கிளைடு என்ற ஊரை எட்டியது 1907-இல். ஆக 28 ஆண்டுகள்! வேலை தொடங்கியபோது பிறந்த குழந்தை, கிளைடுக்கு ரயில் வந்தபோது தானே பிள்ளை பெற்றிருக்கும்.

இந்தப் பாதையில் துயரமும் நடந்தது. 1943 ஜூன் 4 அன்று ஹைடு என்ற ஊரின் அருகே ஒரு வளைவில் ரயில் அளவுக்கு மீறிய வேகத்தில் வந்தது. தடம் புரண்டது. 21 பேர் இறந்தார்கள். அவர்களுக்காக அங்கே ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது.

பிறகு லாரிகள் பெருகின. ரயிலில் சரக்கு குறைந்தது. கிளைடில் பெரிய அணை கட்டினார்கள். அந்த வேலைக்குச் சாமான் கொண்டு போகக் கொஞ்ச காலம் ரயில் ஓடியது. 1990-இல் அதுவும் நின்றது. மிடில்மார்ச்சிலிருந்து கிளைடு வரை தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். வேலை தேடி இளைஞர்கள் வெளியூர் போனார்கள்.

இந்த வெறும் மேட்டை என்ன செய்வது? 1993-இல் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை இதைக் கையில் எடுத்தது. நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் குதிரையில் போகவும் பாதை போடலாம் என்றது.

அக்கம்பக்கத்து ஆட்டுப் பண்ணைக்காரர்கள் பலர் இதை விரும்பவில்லை. “ஊர் பேர் தெரியாதவர்கள் வருவார்கள். ஆடு மிரளும். காய்ந்த புல்லில் யாராவது நெருப்பைப் போட்டால் என்ன ஆகும்?” என்று கேட்டார்கள். ஆடு வைத்திருப்பவருக்குத்தான் அந்தக் கவலை புரியும். அது வீண் பயம் அல்ல. மேலும், இந்த வறண்ட காட்டுக்குச் சைக்கிள் ஓட்ட யார் வருவார்கள் என்ற கேள்வியும் இருந்தது.

ஆனாலும் வேலை நடந்தது. 1994-இல் ஓர் அறக்கட்டளை அமைத்துப் பணம் திரட்டினார்கள். பெரிய ஜல்லியின்மேல் பொடி ஜல்லி பரப்பினார்கள். 60-க்கும் மேற்பட்ட பாலங்களில் பலகை அடித்துக் கைப்பிடி வைத்தார்கள். 2000-ஆம் ஆண்டில் பாதை முழுவதும் திறக்கப்பட்டது.

மலை நாட்டில் 152 கிலோமீட்டர் என்றால் கால் வலிக்காதா? இங்கேதான் ரயிலுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ரயில் சக்கரம் இரும்பு. தண்டவாளமும் இரும்பு. இரும்பின்மேல் இரும்பு எளிதாக உருளும். அதனால்தான் ஓர் எஞ்சின் அத்தனை பெட்டிகளை இழுக்கிறது. ஆனால் அதே காரணத்தால் பிடிமானம் குறைவு. செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி, நின்ற இடத்திலேயே சுற்றும். ஆகவே ரயில் பாதை போடுகிறவர்கள் ஏற்றத்தை மிகவும் குறைப்பார்கள். மேடு வந்தால் வெட்டுவார்கள். பள்ளம் வந்தால் மண்ணைக் கொட்டி உயர்த்துவார்கள். பாறை வந்தால் குடைவார்கள்.

இந்தப் பாதையில் மிகக் கடினமான ஏற்றமே 50-க்கு 1தான். அதாவது 50 அடி முன்னே போனால் 1 அடி மேலே ஏறும். ஒரு நீளமான கயிற்றை எடுத்துத் தெருவில் 50 அடி அளந்து பாருங்கள். அந்த முனையில் 1 அடி உயரத்தில் கயிற்றைப் பிடியுங்கள். சாய்வு இருப்பதே தெரியாது! கிளைடு தாழ்வான இடத்தில் இருக்கிறது. பாதையின் உச்சி 618 மீட்டர். ஆனால் அந்த ஏற்றம் 70 கிலோமீட்டருக்கு மேல் பரவிக் கிடக்கிறது. மூச்சு வாங்காமல் எட்டு வயதுக் குழந்தைகூட ஓட்டிவிடும். கார், லாரி தொல்லையும் இல்லை. எதிர்க்காற்று அடித்தால்தான் கஷ்டம். காற்றை ரயில் எஞ்சினீயர் என்ன செய்ய முடியும்?

பூல்பர்ன் என்ற பள்ளத்தாக்கில் 37 மீட்டர் உயரமான ஒரு பாலம் இருக்கிறது. பத்து மாடிக் கட்டடத்தின் உயரம். கீழே எட்டிப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். அதன் அருகே பாறையைக் குடைந்த இரண்டு குகைவழிகள் உண்டு. உள்ளே விளக்கு இல்லை. வளைவாக இருப்பதால் நடுவில் கும்மிருட்டு. டார்ச் அடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப் போவது நல்லது. குழந்தைகள் கத்தி, எதிரொலி கேட்டு மகிழ்கிறார்கள்.

முழுப் பாதையையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. நாளுக்கு 38 கிலோமீட்டர் ஓட்டினால் 4 நாளில் முடிந்துவிடும். பாதைக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் இராத் தங்க வேண்டும், சாப்பிட வேண்டும். சைக்கிளையும் பலர் வாடகைக்கு எடுக்கிறார்கள். பெட்டி படுக்கையை அடுத்த ஊருக்கு வேனில் அனுப்புகிறார்கள். இந்தச் செலவெல்லாம் வழியில் உள்ள சிற்றூர்களின் வருமானம். பண்ணை வீடுகளில் விருந்தினர் அறைகள் வந்தன. ரான்பர்லி ஊரின் பழைய ஸ்டேஷன், வழிப்போக்கருக்குத் தகவல் சொல்லும் நிலையமாக மாறியது. குளிர்காலத்தில் மட்டும் வருமானம் படுத்துவிடும்.

2009-இல் நியூசிலாந்து அரசு நாடெங்கும் சைக்கிள் பாதைகள் போடத் திட்டம் தொடங்கியது. ஒட்டாகோவின் அனுபவம் அதற்குத் தைரியம் கொடுத்தது.

முன்பு ரயில் கிளைடைத் தாண்டி குரோம்வெல் வரை போயிற்று. அந்தத் துண்டின் பழைய ரயில் மேட்டில் சைக்கிள் ஓட்ட முடியாது. அதன் பெரும்பகுதி அணை நீரில் மூழ்கிவிட்டது.

பண்ணைக்காரர்களின் கவலை என்ன ஆயிற்று? பாதை இன்றும் ஆட்டு மேய்ச்சலின் நடுவேதான் போகிறது. ஆங்காங்கே வேலிக் கதவுகள் உண்டு. மந்தை குறுக்கே வந்தால் இறங்கி நிற்க வேண்டும். மூடியிருந்த கதவை மூடிவிட்டுப் போக வேண்டும். திறந்திருந்த கதவைத் திறந்தபடியே விட வேண்டும்.