டாக்கருக்குள் பிளகின்: சுவர் எங்கே, வாசல் எங்கே?

ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் வைத்துப் பிளகின் எழுதக் கூடாது என்பதில் இன்று யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. வேர்ட்பிரஸில் பிளகின் வசதி 2004இல், 1.2 பதிப்போடு வந்தது. மூல நிரலைத் தொடாமலே தளத்துக்குப் புதிய வேலைகளைச் சேர்க்கலாம் என்ற அந்த வசதி வேர்ட்பிரஸின் வளர்ச்சிக்குப் பெரிய காரணம். அதனாலேயே ஒரு பொறுப்பும் வருகிறது. பிளகினுக்குத் தளத்தின் முழு அதிகாரமும் உண்டு. தரவுத்தளத்தின் எந்த அட்டவணையையும் அது மாற்றலாம், அழிக்கலாம். ஒரு அரைப்புள்ளி விடுபட்டாலே தளம் நின்றுபோகலாம்.

ஆகவே சோதனைக்குத் தனியிடம் வேண்டும். 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் பைகான் மாநாட்டில் டாக்கரை அறிமுகம் செய்தார். அதன் பிறகு, கண்டெய்னர் எனப்படும் அந்தத் தனியிடத்தை அமைக்கும் வேலை ஓரிரு கட்டளைகளாகச் சுருங்கிவிட்டது. பிளகின் எழுதுவோருக்கு இது பெரிய வரம். ஆனால் எளிதாகக் கிடைத்ததாலேயே அதன் உள்ளமைப்பைப் பலரும் கவனிப்பதில்லை. எது சுவர், எது வாசல் என்று தெரியாமல் உள்ளே வேலை செய்கிறார்கள். அதனால் பரவியிருக்கும் சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: கண்டெய்னருக்குள் என்ன நடந்தாலும் என் கணினியில் உள்ள கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

உண்மை: பிளகின் எழுதுவோரைப் பொறுத்தவரை, மிகவும் ஆபத்தான நம்பிக்கை இதுதான். எடிட்டரில் ஒரு வரியை மாற்றியதும் பிரவுசரில் அந்த மாற்றம் தெரிய வேண்டும் என்பதற்காக, நம் கணினியில் உள்ள பிளகின் கோப்புறையைக் கண்டெய்னரோடு இணைக்கிறோம். இதைத்தான் பைண்ட் மவுண்ட் என்கிறோம். அங்கே இருப்பது நகல் அல்ல, அதே கோப்புறைதான். நாம் எழுதுவது உள்ளே தெரிவதுபோல, உள்ளே அழிவது நம் வட்டிலும் அழியும்.

ஒரு சோதனையை எண்ணிப் பாருங்கள். பிளகினை நீக்கும்போது அது தன் அட்டவணைகளைச் சுத்தமாகத் துடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல நிரலாளர் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இது. நிர்வாகப் பக்கத்தில் பிளகினைச் செயலிழக்கச் செய்து, டெலிட் என்பதை அழுத்துகிறீர்கள். வேர்ட்பிரஸ் முதலில் நீக்கல் நிரலை ஓட்டும். பிறகு கோப்புறைக்குள் இருக்கும் எல்லாவற்றையும் அழிக்கும், மறைந்திருக்கும் கிட் வரலாறு உட்பட. இணைப்புப் புள்ளியான கோப்புறை மட்டும் வெறுமையாக மிஞ்சும். தொலைவில் உள்ள கிட் களஞ்சியத்துக்கு ஏற்றிவைக்காத உழைப்பு போனது போனதுதான்.

லினக்ஸில் இந்த ஆபத்துக்கு இயல்பாகவே ஒரு தடை உண்டு. கண்டெய்னருக்கு அச்சாக இருப்பது இமேஜ்; டெபியன் அடிப்படையிலான இமேஜில் அப்பாச்சியின் பயனர் எண் 33. உபுண்டுவில் நம் பயனர் எண் பெரும்பாலும் 1000. எண்கள் வேறு என்பதால் வேர்ட்பிரஸால் நம் கோப்புகளை அழிக்க முடியாது. அந்த அனுமதிப் பிழையைத் தொந்தரவாக நினைத்து, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777ஐக் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. காத்துநின்ற தடையை நாமே விலக்கிவிடுகிறோம். நீக்கல் சோதனைக்கு நேரான வழி ஒன்று இருக்கிறது: பிளகினை ஜிப் கோப்பாகக் கட்டி, பைண்ட் மவுண்ட் இல்லாத வேறொரு கண்டெய்னரில் நிறுவி, அங்கே நீக்கிப் பாருங்கள். பயனர் நிறுவப்போவதும் அந்த ஜிப்பைத்தானே!

நம்பிக்கை: கண்டெய்னர் ஒரு சிறிய விர்ச்சுவல் மெஷின். நம்பகமில்லாத பிளகினையும் அதில் தயங்காமல் ஓட்டலாம்.

உண்மை: விர்ச்சுவல் மெஷினுக்குச் சொந்தமாக ஒரு கெர்னல் உண்டு. கண்டெய்னருக்கு இல்லை. அது லினக்ஸ் கெர்னலின் நேம்ஸ்பேஸ், சிகுரூப் வசதிகளைக் கொண்டு பிரித்துவைக்கப்பட்ட சாதாரண ப்ராசஸ்தான். சிகுரூப் 2008இல் வெளியான 2.6.24 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. டாக்கர் அவற்றை எல்லோரும் எளிதாகப் பயன்படுத்த வழிசெய்தது. விண்டோஸிலும் மேக்கிலும் டாக்கர் டெஸ்க்டாப் பின்னணியில் ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினை ஓட்டி, அதற்குள்தான் கண்டெய்னர்களை வைக்கிறது.

இந்தப் பிரிப்பு பயனுள்ளது, ஆனால் உடைக்கவே முடியாதது அல்ல. கண்டெய்னரை ஓட்டும் ரன்சி நிரலில் 2019 பிப்ரவரியில் வெளியான குறைபாடும், 2024 ஜனவரியில் வெளியான இன்னொன்றும் கண்டெய்னரிலிருந்து வெளியேற வழி தந்தன. குறைபாடே இல்லாவிட்டாலும் சில அமைப்புகள் நாமே திறந்துவைக்கும் கதவுகள். டாக்கர் சாக்கெட்டைக் கண்டெய்னருக்குள் இணைத்தால், உள்ளிருக்கும் நிரலுக்கு டாக்கரை இயக்கும் முழு அதிகாரமும் போய்ச் சேரும். மேலும், கண்டெய்னரிலிருந்து இணையத்துக்குப் போகும் வழி இயல்பாகவே திறந்திருக்கும். பின்வாசல் வைத்த பிளகின் ஒன்று அங்கிருந்தே வெளியுலகோடு பேசலாம். உங்கள் சொந்தப் பிளகினை எழுத டாக்கர் போதும். ஆபத்தான நிரலை ஆராய, தனி விர்ச்சுவல் மெஷின் வேண்டும்.

நம்பிக்கை: லோக்கல்ஹோஸ்டில்தான் ஓடுகிறது, வெளியே யாருக்கும் தெரியாது.

உண்மை: கண்டெய்னர்களின் அமைப்பை எழுதிவைக்கும் கம்போஸ் கோப்பில் 8080:80 என்று எழுதினால், டாக்கர் இயல்பாக அந்தப் போர்ட்டைக் கணினியின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் திறக்கும். நீங்கள் லோக்கல்ஹோஸ்ட் என்று அழைக்கும் தளத்தை, ஒரே வைஃபையில் இருக்கும் இன்னொருவர் உங்கள் கணினியின் ஐபி முகவரி வழியாகத் திறக்க வாய்ப்புண்டு. லினக்ஸில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை நம்பியிருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டாக்கர் தன் விதிகளை ஐபிடேபிள்ஸில் நேரடியாக எழுதுவதால், அந்த ஃபயர்வால் மூடியதாகச் சொல்லும் போர்ட்டும் திறந்தே இருக்கும்.

சோதனைத் தளத்தில் கடவுச்சொல்லும் எளிதாகவே இருக்கும். வேர்ட்பிரஸின் சொந்தக் கருவியான டபிள்யூபி-என்வியில் பயனர்பெயர் அட்மின், கடவுச்சொல் பாஸ்வேர்ட். நிர்வாகியாக நுழைந்தவர் பிளகின் ஏற்றலாம். பிளகின் ஏற்ற முடிந்தவர் எந்த நிரலையும் ஓட்டலாம். இதற்குத் தீர்வு ஒரு வரிதான்: 127.0.0.1:8080:80 என்று எழுதுங்கள். தரவுத்தளத்தின் 3306 போர்ட்டை வெளியே திறக்கத் தேவையே இல்லை. ஒரே கம்போஸ் கோப்பில் உள்ள கண்டெய்னர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்.

நம்பிக்கை: முகப்புப் பக்கம் திறந்துவிட்டால் அமைப்பு முடிந்தது.

உண்மை: பக்கம் திறந்ததால், பிரவுசரிலிருந்து கண்டெய்னருக்கு வழி இருக்கிறது என்பது மட்டும் உறுதி. கண்டெய்னர் தன்னைத்தானே அழைக்க முடிகிறதா என்பது தனிக் கேள்வி. வேர்ட்பிரஸின் நேரம் குறித்த பணிகள் இந்தச் சுய அழைப்பை நம்பியே இயங்குகின்றன. யாராவது தளத்துக்கு வரும்போது, வேர்ட்பிரஸ் தன் முகவரிக்கே ஒரு கோரிக்கையை அனுப்பிப் பின்னணி வேலைகளைத் தொடங்கும்.

தள முகவரி லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 8080 என்று வைத்துக்கொள்வோம். கண்டெய்னருக்குள்ளே லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கண்டெய்னர்தான். அங்கே அப்பாச்சி கேட்டுக்கொண்டிருப்பதோ 80ஆம் போர்ட்டில். 8080இல் பதில் சொல்ல யாரும் இல்லை. அழைப்பு தோற்கும், திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. இரவில் அறிக்கை அனுப்ப வேண்டிய பிளகின் ஏன் வேலை செய்யவில்லை என்று நாள் முழுவதும் நிரலைத் துருவிக்கொண்டிருப்போம். நிர்வாகப் பகுதியின் சைட் ஹெல்த் பக்கம் இந்தப் பிழையை வெளிப்படையாகக் காட்டும்; அமைத்த உடனே அதைத்தான் முதலில் திறக்க வேண்டும். உள்ளேயும் வெளியேயும் ஒரே போர்ட் எண்ணாக வைத்துவிட்டால் சிக்கல் தீரும்.

தரவுத்தள முகவரியாக லோக்கல்ஹோஸ்டை எழுதித் திணறுவோருக்கும் காரணம் இதுவே. அங்கே எழுத வேண்டியது கம்போஸ் கோப்பில் தரவுத்தளச் சேவைக்கு நீங்கள் வைத்த பெயர்.

நம்பிக்கை: கம்போஸ் கோப்பை மாற்றி, நிறுத்தித் திரும்ப ஏற்றினால் எல்லாம் புதிதாகிவிடும்.

உண்மை: கண்டெய்னர் புதிதாகும், தரவைத் தாங்கியிருக்கும் வால்யூம் புதிதாகாது. டவுன் கட்டளை பெயரிட்ட வால்யூம்களைத் தொடாது. அதோடு -வி என்ற தெரிவையும் சேர்த்தால்தான் அவை அழியும். மைஎஸ்கியூஎல் இமேஜ், கோப்பில் எழுதிய கடவுச்சொல்லைத் தரவுக் கோப்புறை காலியாக இருக்கும் முதல் தடவை மட்டுமே அமைக்கும். பிறகு எத்தனை முறை மாற்றினாலும் பழைய கடவுச்சொல்தான் செல்லும்.

வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வ இமேஜிலும் இதேபோல் ஒன்று உண்டு. மூலக் கோப்புகளை அது வால்யூமுக்குள் நகலெடுப்பது, அங்கே வேர்ட்பிரஸ் இல்லாதபோது மட்டும்தான். இமேஜின் பதிப்பை உயர்த்தினால் பிஎச்பி மாறும், வேர்ட்பிரஸ் மாறாது. புதிய பதிப்பில் சோதித்துவிட்டோம் என்று நம்பி, பழைய பதிப்பிலேயே சோதித்திருப்போம். நிர்வாகப் பக்கத்தின் அடியில் இருக்கும் பதிப்பு எண்ணைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

நம்பிக்கை: என் கண்டெய்னரில் ஓடினால் எந்தச் சர்வரிலும் ஓடும்.

உண்மை: இதில் பாதி உண்மை உண்டு, அதனால்தான் எளிதாக நம்பிவிடுகிறோம். சூழலை எழுத்தில் பதிந்துவைக்க முடிவது டாக்கரின் மிகப்பெரிய நன்மை. ஆனால் இமேஜின் பெயரோடு லேட்டஸ்ட் என்று எழுதினால் அந்த நன்மை போய்விடும். லேட்டஸ்ட் என்பது ஒரு ஒட்டுச்சீட்டு மட்டுமே. சென்ற ஆண்டு இறக்கியவரிடமும் இன்று இறக்கியவரிடமும் ஒரே பெயரில் வெவ்வேறு பதிப்புகள் இருக்கும். பதிப்பு எண்ணை முழுதாக எழுதுங்கள்.

பிளகினை நிறுவப்போகிறவர்கள் எல்லோரும் ஒரே சர்வரில் இல்லை. 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8.0 பதிப்பு ஈச், கிரியேட் ஃபங்ஷன் ஆகிய இரண்டு பழைய ஃபங்ஷன்களையும் அடியோடு நீக்கியது. அவற்றை நம்பி 7.4இல் எச்சரிக்கையோடு ஓடிய பிளகின் 8.0இல் நின்றுபோகும். நீங்கள் ஆதரிப்பதாகச் சொல்லும் மிகப் பழைய பதிப்பு, மிகப் புதிய பதிப்பு இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். டாக்கரில் அதற்கு ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

மேக்கில் வேலை செய்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேக்கின் கோப்பு முறைமை பொதுவாக ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்தாது. பைண்ட் மவுண்ட் செய்த கோப்புறைக்கும் அந்தக் குணம் தொடரும். கோப்பின் பெயரைத் தவறான எழுத்தில் அழைத்தாலும் உங்களிடம் திறக்கும், லினக்ஸ் சர்வரில் திறக்காது.

நம்பிக்கை: டாக்கருக்குப் பணம் கட்ட வேண்டும்.

உண்மை: 2021 ஆகஸ்டில் அறிவித்த கட்டண விதி டாக்கர் டெஸ்க்டாப்புக்கு மட்டுமானது, அதுவும் 250 பேருக்கு மேல் பணியாற்றும் அல்லது ஆண்டு வருவாய் ஒரு கோடி டாலரைத் தாண்டும் நிறுவனங்களுக்கு. லினக்ஸில் நிறுவும் டாக்கர் எஞ்சின் கட்டற்ற மென்பொருள். பாட்மேன் போன்ற மாற்றுகளும் உண்டு.

நம்பிக்கை: உண்மையான வாடிக்கையாளர் தரவை வைத்துச் சோதித்தால்தான் சோதனை முழுமையாகும்.

உண்மை: ஓடும் தளத்தின் தரவுத்தளத்தை அப்படியே இறக்கிக் கண்டெய்னரில் ஏற்றும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதிகாரபூர்வ இமேஜில் மின்னஞ்சல் அனுப்பும் நிரல் இல்லை, ஆகவே எதுவும் வெளியே போகாது என்று தைரியம் கொள்கிறோம். ஆனால் எஸ்எம்டிபி பிளகின் தன் அமைப்புகளைத் தரவுத்தளத்தில் வைத்திருந்தால், அவையும் கூடவே வந்துவிடும். கட்டண நுழைவாயிலின் உண்மையான சாவி வரும். காத்திருக்கும் நினைவூட்டல்கள் வரும். சோதனைக் கணினியிலிருந்து உண்மையான மனிதர்களுக்குத் தவறான கடிதம் போகும்.

தேவை தரவின் அளவும் வடிவமும்தான், ஆட்களின் பெயரும் முகவரியும் அல்ல. வூகாமர்ஸ் மாதிரிப் பொருள்களைத் தானே தருகிறது. தமிழ்ப் பெயர்கள், நீண்ட தலைப்புகள், காலியான புலங்கள் எல்லாம் கலந்து நீங்களே ஆயிரம் போலிப் பதிவுகளை உருவாக்கலாம். மெயில்பிட் என்ற சிறு கண்டெய்னரைச் சேர்த்து, வேர்ட்பிரஸின் கடிதங்களை 1025ஆம் போர்ட்டில் அதனிடம் ஒப்படைத்தால், எல்லாவற்றையும் அது பிடித்துவைத்து 8025இல் காட்டும். வெளியே ஒன்றும் போகாது.

இவற்றை வரிசையாகப் பார்த்தால், தவறு பெரும்பாலும் நேரும் இடங்கள் நான்கு: இணைத்த கோப்புறை, திறந்த போர்ட், தங்கிவிட்ட வால்யூம், உள்ளே கொண்டுவந்த தரவு. முதல் மூன்றும் நாம் கம்போஸ் கோப்பில் எழுதியவை அல்லது எழுதாமல் விட்டவை. அந்தக் கோப்பை வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டினாலும் சரி, ஒவ்வொரு வரியும் எதை உள்ளே விடுகிறது, எதை வெளியே விடுகிறது என்று படித்துப் பார்த்த பிறகே ஏற்றுங்கள். சிறு கடைக்காரர், பள்ளி, நூலகம் என்று யார் யாரோ நம் பிளகினை நம்பித் தங்கள் தளத்தில் நிறுவுகிறார்கள். அதன் நிரலைப் படித்துப் பார்க்க அவர்களால் முடியாது. அவர்களுக்காகப் படித்தும் சோதித்தும் தருவது நம் கடமை.