பழகிப்போன புகை

கிரக்கத்தோவா தீவைக்குறித்து வாசிக்கும்போதெல்லாம் என் உள்ளம் நடுங்குகிறது. ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவிலிருந்த அந்தத் தீவு 1883 மே 20-ல் குமுறத் தொடங்கியது. ஜனங்கள் பயந்தார்களா? கப்பலேறி வேடிக்கை பார்க்கப் போனார்கள்! மூன்று மாதம் கடந்தது. ஆகஸ்ட் 27 காலையில் தீவின் பெரும்பகுதி கடலுக்குள் போயிற்று.

“எல்லாரும் நெருப்பிலதான் செத்தாங்களா?” என்று ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்கள். இல்லை, மாண்ட 36,000-க்கும் அதிகமானோரில் பெரும்பாலோரை வாரிக்கொண்டது கடல் அலையே.

1927-ல் அவ்விடத்திலேயே ‘கிரக்கத்தோவாவின் பிள்ளை’ என்னும் புதிய எரிமலை எழும்பியது. அதுவும் மாதக்கணக்காய்ப் புகைந்து, 2018 டிசம்பர் 22 இரவில் ஒருபக்கம் சரிந்தது. அலையில் 400-க்கும் அதிகமானோர் மாண்டார்கள்.

பழகிப்போன புகையை அற்பமாய் எண்ணாதிருங்கள். கடல் திடீரென்று பின்வாங்கினால், நின்று பார்க்காதீங்க, மேட்டுக்கு ஓடுங்க!