இறக்கை நுனிக்கு யார் காவல்?

கேள்வி: எடப்பாடியில் விசைத்தறி வைத்திருக்கிறேன். மகளைப் பார்க்க நானும் மனைவியும் சேலம் கமலாபுரம் விமான நிலையத்தில் விமானம் ஏறிச் சென்னை போனோம். இறங்கிய பிறகு விமானம் நடுவழியில் நெடுநேரம் நின்றுவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தால், பெரிய விமானம் ஒன்று எங்களை ஒட்டினாற்போல் கடந்து போகிறது. மனைவி பயந்துவிட்டார். கொல்கத்தாவில் இப்படித்தான் இரண்டு விமானம் உரசிக்கொண்டது என்கிறாள் மகள். ரோட்டில் இருப்பதுபோல் அங்கே சிக்னல் இல்லைங்களா? ஓட்டுகிறவருக்கு இறக்கை தெரியாதுங்களா?

– வாசகர், எடப்பாடி

பதில்: உங்கள் மகள் சொன்னது நடந்ததுதான். 2024 மார்ச் 27 அன்று, சென்னைக்குப் புறப்பட வேண்டிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஓடுபாதைக்குள் நுழைய அனுமதி வேண்டிக் கொல்கத்தாவில் நின்றுகொண்டிருந்தது. தர்பங்காவுக்குப் போகவிருந்த இண்டிகோ விமானம் பக்கத்தில் நகர்ந்து வந்தபோது, அதன் இறக்கை இதன் இறக்கையில் இடித்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் இறக்கை நுனி உடைந்து விழுந்தது. இரண்டிலும் பயணிகள் இருந்தார்கள். நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. இண்டிகோ விமானிகள் இருவரையும் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. பணியிலிருந்து விலக்கி வைத்து விசாரணையைத் தொடங்கியது.

உங்கள் கடைசிக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஏர்பஸ் 320, போயிங் 737 ஆகியவற்றின் இன்றைய மாதிரிகளில் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை இறக்கையின் அகலம் ஏறக்குறைய 36 மீட்டர். விமானி உட்காருவது மூக்கில். இறக்கை நுனியோ அவருக்குப் பக்கவாட்டிலும் பின்னாலும் வெகுதூரத்தில் இருக்கிறது. சில விமானங்களில் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்துத் திரும்பிப் பார்த்தால்தான் நுனி தெரியும். 747, 777 போன்ற பெரியவற்றில் அப்படியும் எளிதில் தெரியாது. தெரிந்தாலும், இடைவெளி ஒரு மீட்டரா மூன்று மீட்டரா என்று அவ்வளவு தூரத்திலிருந்து கணிக்க மனிதக் கண்ணால் முடியாது. இன்னொன்றும் உண்டு. ஜெட் விமானத்தின் இறக்கை பின்னோக்கிச் சாய்ந்தது. திரும்பும்போது வெளிப்புற நுனி, நேராகப் போகும்போது அடைக்கும் இடத்தையும் தாண்டி வெளியே வீசிக்கொண்டு போகும்.

சங்ககிரிப் பக்கம் ரிக் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் இறங்கி நின்று, "வரலாம், வரலாம்… போதும்" என்று குரல் கொடுப்பாரே, அப்படி ஒருவர் விமானத்துக்கும் உண்டு. ஆனால் விமானம் நிறுத்தும் இடத்தில் மட்டும்தான். அங்கே இழுவை வண்டி விமானத்தைப் பின்னால் தள்ளும்போது இறக்கையோரம் ஆட்கள் நடந்து வருவார்கள். அந்த இடத்தைத் தாண்டி டாக்ஸிவே என்னும் நகர்பாதைக்கு வந்துவிட்டால் விமானிகள் இருவரின் கண்கள்தான்.

அப்படியானால் தினமும் இத்தனை விமானங்கள் எப்படி மோதாமல் போகின்றன? தரையில் போட்டிருக்கும் மஞ்சள் நடுக்கோடுதான் காரணம். மூக்குச் சக்கரம் அந்தக் கோட்டின் மேலேயே போனால், அந்தப் பாதைக்கு அனுமதிக்கப்பட்ட அளவுள்ள விமானத்தின் இறக்கை எதிலும் படாத அளவுக்கு இடம் விட்டுத்தான் விமான நிலையத்தையே கட்டுகிறார்கள். இந்தக் கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. நிற்கிற விமானம் நிற்க வேண்டிய கோடு வரைக்கும் போய் நின்றிருக்க வேண்டும். கொஞ்சம் முன்னதாகவே நின்றுவிட்டால் வால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் கடப்பவர் தம் கோட்டை இம்மியும் பிசகாமல் பிடித்துப் போனாலும் மோதல் நேரலாம். 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் டெல்டா நிறுவனத்தின் ஏ350, கோட்டுக்கு முன்னதாகவே நின்றிருந்த ஒரு சிறிய ஜெட்டின் வாலைப் பெயர்த்துத் தள்ளியது. 2025 பிப்ரவரியில் சியாட்டிலில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தின் இறக்கை, நின்றுகொண்டிருந்த டெல்டா விமானத்தின் வாலில் புகுந்தது.

சிக்னல் பற்றிக் கேட்டீர்கள். இருக்கிறது. ஓடுபாதைக்குள் நுழையும் இடத்தில் குறுக்கே சிவப்பு விளக்கு வரிசை பதித்திருப்பார்கள். அது அணையும் வரை நுழையக் கூடாது. போலீஸும் உண்டு. கோபுரத்தில் இருக்கும் கட்டுப்பாட்டாளர், எந்தப் பாதையில் போக வேண்டும், யாருக்கு வழிவிட்டு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வார். விமானி அதைத் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். பெரிய நிலையங்களில் தரை ரேடாரும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2001 அக்டோபர் 8 அன்று மிலானின் லினாட்டே நிலையத்தில் மூடுபனிக்குள் ஒரு சிறிய விமானம் வழிதவறி ஓடுபாதைக்குள் வந்து, புறப்பட்டுக்கொண்டிருந்த பெரிய விமானத்தின் பாதையில் சிக்கியது. 118 பேர் இறந்தார்கள். தரை ரேடார் அன்று அங்கே வேலை செய்யவில்லை.

ஆனால் ரேடார் இருந்தாலும், எந்த விமானம் எங்கே இருக்கிறது என்பதுதான் திரையில் தெரியும். இரண்டு இறக்கைகளுக்கு நடுவே ஒரு முழமா இரண்டு முழமா என்பது தெரியாது. கோபுரத்திலிருந்து பார்ப்பவருக்கும் தெரியாது. அனுமதி கொடுத்தது கோபுரமானாலும், இடம் போதுமா என்று பார்க்கும் பொறுப்பு விமானியின் தலையில்தான் விழுகிறது.

எனக்கு இதில் அழுத்தமான கருத்து உண்டு. கண்ணால் அளக்க முடியாததை அளக்கச் சொல்லிவிட்டு, தவறியதும் விமானியை மட்டும் நிறுத்தி வைப்பது பாதி வேலைதான். இறக்கை நுனியைக் காட்டும் கேமரா போன்ற கருவிகளைப் பெரிய விமானங்களில் பொருத்த வேண்டும் என்று அமெரிக்காவின் விபத்து விசாரணை வாரியம் 2012-லேயே பரிந்துரைத்தது. இன்றைக்கும் அது எல்லா விமானங்களுக்கும் கட்டாயமாகவில்லை. சாதாரணக் காருக்கே பின்பக்கக் கேமரா வந்துவிட்ட காலத்தில், இருநூறு உயிர்களைச் சுமக்கும் விமானத்துக்கு இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன்.

அது வரும்வரை விமானியிடம் உள்ள நம்பகமான மருந்து ஒன்றே: சந்தேகம் வந்தால் நிற்பது. உங்கள் விமானமும் அன்று வழிவிட்டு நின்றிருக்கிறது. கமலாபுரத்தில் ஒரே ஓடுபாதை, வந்து போகும் விமானங்களும் சில. சென்னையில் ஓடுபாதைகள் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன, சிறிதும் பெரிதுமாக விமானங்கள் வரிசையில் காத்திருக்கின்றன. அங்கே கால் மணி நேரம் நின்றால் தாமதம் என்று சலித்துக்கொள்ள வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள்.

உங்கள் இருவரிடமும் ஒரு வேண்டுகோள். சக்கரம் தரையைத் தொட்டதுமே பெல்ட்டைக் கழற்றிவிட்டு மேலே இருக்கும் பையை எடுக்க எழுந்துவிடுகிறோம். மோதலைத் தவிர்க்க விமானி சட்டென்று பிரேக் பிடித்தால், முதலில் விழுவது எழுந்து நிற்பவர்தான். பெல்ட் விளக்கு அணையும் வரை உட்கார்ந்திருங்கள். ஜன்னலோரம் இருந்து இறக்கையில் ஏதாவது இடித்ததைக் கண்டால், விமானிக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாமல், பணிப்பெண்ணை அழைத்து உடனே சொல்லுங்கள். உங்கள் இருக்கையிலிருந்து தெரியும் அந்த நுனி, அவர் இருக்கையிலிருந்து தெரியாமல் இருக்கலாம்.