நகர விரிவும் விளைநிலத்தின் வளமும்

1951 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் நூற்றுக்குப் பதினேழு பேரே நகரங்களில் வாழ்ந்தனர். 2011 இல் இத்தொகை முப்பத்தொன்றாக உயர்ந்தது. வீடும் சாலையும் விழுங்கிய நிலம் ஏடுகளில் பதிவாகிறது. நகரின் விளிம்பில் இன்னும் உழப்பட்டு வரும் நிலத்தில் நிகழும் மாறுதலோ எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அதைப் பற்றியதே இப்பாடம்.

கங்கைச் சமவெளியின் நகரங்கள் செங்கல்லால் எழுந்தவை. வண்டல் மண்ணின் மேலடுக்கு கல்லறுக்க ஏற்றதாதலின் சூளைக்காரர் அதனையே நாடுகின்றனர். ஒரு கல்லுக்கு ஏறத்தாழ 3 கிலோகிராம் மண் தேவை. ஒரு ஹெக்டேரில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரையுள்ள மண்ணின் எடை சுமார் 2,100 டன். எனவே ஏழு லட்சம் கல் அறுத்தால் ஒரு ஹெக்டேரின் உழவடுக்கு முழுவதும் மறைந்துவிடும். அம்மண்ணில் அங்ககக் கரி அரை சதவீதமே இருப்பினும், பத்து டன்னுக்கு மேற்பட்ட கரி அதனுடன் சூளையில் எரிந்துபோகிறது. எஞ்சும் அடிமண்ணில் தழைச்சத்து குறைவு, நுண்ணுயிர்களும் குறைவு. மண்ணை விற்கும் உழவரை அறியாமையுடையவர் எனக் கருதுதல் பொருந்தாது. மேடான வயலுக்கு வாய்க்கால் நீர் ஏறாதபோது, மண்ணைத் தோண்ட விடுவதால் நிலம் தாழ்கிறது. கையில் பணமும் கிடைக்கிறது. அப்பணம் அடுத்து வரும் பல போகங்களின் எருச் செலவுக்கு ஈடாகுமா என்பதை அவருடன் அமர்ந்து கணக்கிட்டுக் காட்டுவதே வயல்நிலை ஊழியரின் கடமை. 1999 இல் மத்திய அரசு பிறப்பித்த சாம்பல் பயன்பாட்டு அறிவிக்கை, அனல் மின் நிலையங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல்லில் நிலக்கரிச் சாம்பலைக் கலக்கப் பணித்தது. மேல்மண்ணைக் காத்தலும் அதன் நோக்கங்களுள் ஒன்று.

கட்டட வேலை நடந்த இடத்தில் கேடு வேறு வகையினது. கனரக வண்டிகள் ஓடி மண் இறுகுவதால் காற்றும் நீரும் புகும் நுண்துளைகள் அடைபடுகின்றன. வேர் ஆழச் செல்ல இயலாமல் பக்கவாட்டில் படர்கிறது. இடிபாட்டுக் காரையிலுள்ள சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை உயர்த்துகிறது. இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டாமற் போகின்றன. இளம் இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தோன்றின் இரும்புக் குறையை ஐயுறலாம். பள்ளிகளில் இதனை எளிதிற் காட்டலாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் சில துளிகளை அம்மண்ணில் விட்டால் நுரை பொங்கும். இருபுறமும் திறந்த தகரக் குவளையைத் தரையில் சிறிது அழுத்தி, ஒரே அளவு நீரைத் தோட்டத்திலும் வண்டித் தடத்திலும் ஊற்றி, வடியும் நேரத்தை மாணவர் குறித்துக்கொள்ளலாம்.

கழிவுநீர்ப் பாசனம் நன்மையும் தீமையும் கலந்தது. தில்லியின் கேஷோப்பூர் பகுதியில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழிவுநீர் பாய்ந்த வயல்களை ஆராய்ந்தபோது, கிணற்றுநீர் பாய்ந்த வயல்களைவிட அங்ககக் கரி மிகுந்திருந்தது. பயிர் எடுத்துக்கொள்ளத்தக்க துத்தநாகமும் செம்பும் பன்மடங்கு உயர்ந்திருந்தன. நிக்கலும் காரீயமும் கூடியிருந்தன. பயிர் செழித்திருப்பதைக் கண்டு மண் நலமுடையது என முடிவு செய்தல் ஆகாது. கீரை வகைகள் காட்மியத்தை எளிதில் ஈர்த்து இலைகளில் தேக்குவன. காரீயம் கலந்த பெட்ரோல் 2000 ஆம் ஆண்டில் நாடெங்கும் நிறுத்தப்பட்டதெனினும், பழைய சாலையோர மண்ணில் முன்பு படிந்த காரீயம் நீரில் எளிதில் கரைந்து நீங்குவதன்று.

மண் மாதிரி எடுப்போர் இங்குத் தனிக் கவனம் செலுத்தவேண்டும். 2015 இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின் முதற் சுற்றில், பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என வகுக்கப்பட்டது. சீரான வயற்பரப்புக்கு இது போதும். நகர விளிம்பிலோ அதே பரப்பினுள் மண் தோண்டிய வயல், இடிபாடு கொட்டிய மனை, கழிவுநீர் பாயும் தோட்டம் மூன்றும் இருக்கக்கூடும். இவற்றின் மண்ணைக் கலந்து சோதித்தால் வரும் சராசரி எந்த வயலுக்கும் உரியதன்று. ஆகவே முதலில் நிலத்தின் முன்வரலாற்றை விசாரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி மாதிரி எடுத்துப் பையின்மேல் அதனைக் குறித்தனுப்புக. அட்டையின் பன்னிரண்டு அளவீடுகளுள் காரீயமும் காட்மியமும் இடம்பெறவில்லை. ஐயமுள்ள இடத்தில் அச்சோதனையைத் தனியே கேட்டுப் பெறுதல் வேண்டும்.