ஏ.சி. சுவரில் பூசணமா? முதலில் தண்ணியைப் பிடியுங்கள்



நம் உறுப்பினர்கள் சிலர் தவணையில் வீட்டுக்கு ஏ.சி. வாங்கிப் போட்டிருக்கிறார்கள். வீட்டு வேலைக்குப் போகும் சகோதரிகளோ அடுத்தவர் வீட்டு ஏ.சி. அறையைத் துடைக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பயன்படும் என்றுதான் இந்த மாதப் பாடமாக ஏ.சி.க்குக் கீழே சுவரில் படரும் கறுப்புப் பூசணத்தை எடுத்துக்கொண்டோம்.

"பெயின்ட் அடிச்சோம், மூணே மாசத்துல திரும்ப வந்துடுச்சு" என்று பலர் சொல்வதைக் கேட்கிறோம். வராமல் என்ன செய்யும்? பூசணத்துக்கு வேண்டியது ஈரம். நனைந்த இடம் 24 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் அது வளரத் தொடங்கிவிடும். ஈரத்தை நிறுத்தாமல் பெயின்ட் அடிப்பது காசைச் சுவரில் பூசுகிற மாதிரிதான்.

சரி, அந்தத் தண்ணி எங்கிருந்து வருகிறது? ஐஸ் தண்ணி ஊற்றிய சொம்பு வெளியே வியர்க்கிறதே, அதே கதைதான். அறைக் காற்றில் உள்ள ஈரம் ஏ.சி.யின் குளிர்ந்த சுருளில் பட்டு நீராகி, அடியில் உள்ள தட்டில் விழுந்து, குழாய் வழியாக வெளியே போக வேண்டும். புழுக்கமான நாளில் வெளியே அந்தக் குழாய் முனையைப் பாருங்கள். அங்கே சொட்டாமல் உள்ளே சுவர் நனைந்தால், பெரும்பாலும் குழாயில் தூசியும் பாசியும் அடைத்திருக்கும். குழாய் மேல்நோக்கி வளைந்திருந்தாலும், அதன் முனை வாளித் தண்ணிக்குள் மூழ்கிக் கிடந்தாலும் தண்ணி திரும்பும்.

இன்னொரு காரணம், சுருளில் பனி பிடிப்பது. வடிகட்டி வலையில் தூசி அடைத்தாலும் பிடிக்கும், கேஸ் குறைந்தாலும் பிடிக்கும். மெக்கானிக் "கேஸ் போடணும்மா" என்றால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். கேஸ் தானாகத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை, எங்கோ கசிந்தால்தான் குறையும். "எங்க லீக்குன்னு காட்டுங்க, அதை அடைச்சிட்டு கேஸ் போடுங்க" என்று தைரியமாகக் கேளுங்கள்.

ஒழுகல் நின்ற பிறகு சுத்தம் செய்யலாம். ஏ.சி.யின் மெயின் சுவிட்சை அணைத்து, ஜன்னலைத் திறந்து, முகமூடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த துடைப்பத்தால் தேய்க்கவே கூடாது, பூசணத் தூள் அறை முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணியில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். உப்பிப்போன பெயின்ட்டை நனைத்துச் சுரண்டி எடுத்து, சுவர் முழுசாகக் காய்ந்த பிறகே புதுசு அடிக்க வேண்டும். பூசணம் பிடித்த தலையணை, அட்டைப்பெட்டி தேறாது, போட்டுவிடுங்கள். மூன்றடிக்கு மூன்றடிக்கு மேல் படர்ந்திருந்தால் விவரம் தெரிந்த ஆளை வைத்துச் செய்வது நல்லது.

கறை போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம்! குளோரின் என்ற விஷவாயு வரும். மூடிய அறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். வேலை செய்யும் வீட்டில் "ரெண்டையும் சேர்த்து ஊத்து" என்று சொன்னாலும் மறுத்துவிடுங்கள். தெரியாமல் கலந்துவிட்டால் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு முதலில் வெளியே வாருங்கள். மூச்சு இழுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கறைக்காக இவ்வளவு எதற்கு என்று நினைக்காதீர்கள். ஈரமும் பூசணமும் உள்ள வீட்டில் ஆஸ்துமாவும் இருமலும் அதிகம் வருவதாக உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. வீசிங் உள்ள பிள்ளையை, சுவர் காயும் வரை வேறு அறையில் படுக்க வையுங்கள்.

வாடகை வீடு என்றால் ஈரச் சுவரைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரரிடம் அன்றைக்கே காட்டிவிடுங்கள். அட்வான்ஸில் பிடிக்கும்போது அந்தப் போட்டோ கைகொடுக்கும். வெயில் காலத்தில் 15 நாளைக்கு ஒருமுறை வடிகட்டி வலையைக் கழற்றி, குழாய்த் தண்ணியில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். அதற்கு மெக்கானிக் தேவையில்லை.