வாத்து முட்டையை நிறுத்தினால் எங்கே பார்ப்பது?

"அண்ணாச்சி, வாத்து நல்லாத்தான் திங்குது, முட்டையத்தான் காணோம்." கூடங்குளம் வட்டாரத்தில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. மலட்டு வாத்து என்று முடிவுகட்டிக் கறிக்குக் கொடுக்கும் முன், கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

தாமிரபரணிக் கரையில் கார், பிசான அறுப்பு முடிந்ததும் வாத்துக் கூட்டத்தை வயலில் இறக்குவார்கள். சிந்திய நெல், நத்தை, புழு, பூச்சி எல்லாம் அங்கேயே கிடைச்சிரும். மாவுச்சத்து, புரதம், சுண்ணாம்பு மூன்றுக்கும் குறைவில்லை. நம்ம பக்கம் மானாவாரி பூமி. கொல்லையில் அடைத்துச் சோறும் தவிடும் மட்டும் போட்டால் வாத்து கொழுக்கும், முட்டை குறையும். வயல் கொடுத்ததை இங்கே நாம்தான் கொடுக்கணும்.

வயதும் ஒளிச்ச முட்டையும்

வாத்து 5, 6 மாதத்தில்தான் முட்டைக்கு வரும். இறகு உதிர்க்கும் காலத்தில் சில வாரம் நிறுத்தும்; அது இயல்பு. பெரும்பாலும் விடியும் முன்னும் காலையிலும் முட்டையிடும். விடிந்ததும் திறந்துவிட்டால் புதரில் போட்டுவிடும். கீரியும் காக்கையும் கொண்டு போயிரும். ஒரு வாரம் காலை 9 மணி வரை கூட்டில் தண்ணீரோடு அடைத்துப் பாருங்கள்.

தீவனம்

முட்டையிடும் வாத்துக்கு நூற்றுக்கு 16 முதல் 18 பங்கு புரதம் வேண்டும். 10 கிலோவுக்கு ஒரு கணக்கு: இடித்த கம்பு அல்லது மக்காச்சோளம் 5 கிலோ, தவிடு 3 கிலோ, எள்ளுப் புண்ணாக்கு 1 கிலோ 200 கிராம், மீன்தூள் 800 கிராம். கருவாட்டுக் கழிவு வேண்டாம், உப்பு ஆகாது. உப்புப் போடாமல் காய்த்த மீனாக இருக்கணும். தண்ணீர் தெளித்துப் பிசைந்து, அன்றன்றே காலி செய்யுங்கள்.

பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு வாத்துக்கு நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. வாத்துக் குஞ்சுகளும் தப்பவில்லை. காரணம், பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைக் கண்டுபிடித்ததே அதற்குப் பிறகுதான். கோழி தாங்கும் அளவைக்கூட வாத்து தாங்காது.

ஓடு

முட்டை ஓட்டில் 90 பங்குக்கு மேல் சுண்ணாம்புதான். தோல்முட்டை விழுந்தால் அது குறைகிறது என்று அர்த்தம். கடற்கரைக் கிளிஞ்சலை நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, காயவைத்து, நொறுக்கித் தனித் தட்டில் வையுங்கள். தேவையானதை வாத்தே எடுத்துக்கொள்ளும்.

தண்ணீரும் வெளிச்சமும்

மூக்குத் துவாரம் முங்கும் ஆழத்துக்கு எப்போதும் தண்ணீர் இருக்கணும். வெயில் நாளில் ஒரு பொழுது வற்றினாலும் முட்டை குறையும். ஒரு நாளைக்கு 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். மார்கழியில் நமக்குப் பகல் 12 மணி நேரம்கூட இல்லை. சாயங்காலம் இரண்டு, மூன்று மணி நேரம் ஒரு சின்ன பல்பு எரியட்டும்.

முட்டை அடைப்பு

கூட்டத்தை விட்டு ஒதுங்கி, காலை அகட்டி நின்று, வாலை ஆட்டி ஆட்டி முக்கினால் முட்டை அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு முங்க 20 நிமிடம் உட்காரவைத்து, முட்டை வாயில் விளக்கெண்ணெய் தடவி, இருட்டான இடத்தில் விடுங்கள். வயிற்றை அமுக்காதீர்கள், உள்ளே உடைந்தால் வாத்து பிழைக்காது. அன்றைக்கே முட்டை வராவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போயிருங்க.

மொத்தக் கூட்டமும் திடீரென முட்டையை நிறுத்தி, பச்சையாகக் கழிந்து, ஒன்றிரண்டு சாகத் தொடங்கினால் அது தீவனச் சிக்கல் இல்லை. வாத்துக் கொள்ளைநோயாக இருக்கலாம். நோய்ப்பட்டதைப் பிரித்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 8 முதல் 12 வார வயதில் தடுப்பூசி போடுவதுதான் இதற்குக் காப்பு.

தீவனத்தை மாற்றிய மறுநாளே முட்டை வராது. இரண்டு, மூன்று வாரம் பொறுங்கள். எந்த நாளில் எத்தனை முட்டை என்று காலண்டரில் குறித்து வந்தால், குறை எங்கே என்று அதுவே சொல்லிரும்.